குளவி அடைத்த குழாய்

அக்காவின் மாமியார் காளியம்மா அத்தை பொந்தியானிலிருந்து வந்து சேர இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. அதற்குள் நான் பார்பிக்யூ அடுப்பைக் கழுவி முடிக்க வேண்டும்.

அடுப்பு வீட்டின் பின்புறம் நின்றது. கூலாயில் அக்காவுடையது வரிசை வீடு. பின்புறம் என்றால் ஒரு கார் நிற்கும் அளவுக்குச் சிமெண்டுத் தரை. மூன்று பக்கமும் சுவர், சுவருக்கு மேல் இரும்புக் கம்பி, பின் சந்துக்குப் போகும் கதவில் பூட்டு. சாவி குணாளன் அத்தானிடம். வெயில் நேராக உள்ளே இறங்கி அங்கேயே தங்கிவிட்டது.

இன்று கவிஷாவுக்குப் பிறந்த நாள். ஐந்து வயது. அக்காவின் ஒரே மகள். இரண்டு மாதமாக அவள் பொந்தியானில் அத்தையோடு இருக்கிறாள். இன்று அத்தை வந்து, பிள்ளையை இங்கே விட்டுப் போவதா அல்லது அங்கேயே பாலர் பள்ளியில் சேர்ப்பதா என்று சொல்வார். சேர்ப்பது என்றுதான் முடிவு. அக்காவைத் தவிர எல்லோருக்கும் அது தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

காரணம் இந்த அடுப்பு. தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு, விருந்தாளிகளுக்குக் கோழி சுடலாம் என்று அக்கா இதைப் பற்ற வைத்தபோது தீ குப்பென்று பிடித்து, அவளுடைய வலது கை முழங்கை வரை வெந்துபோனது. புருவமும் முன் முடியும் கருகின. கவிஷா பக்கத்தில்தான் நின்றாளாம். அக்கா மூடியைத் திறக்காமலே கேஸைத் திறந்துவிட்டாள், உள்ளே கேஸ் நிறைந்துவிட்டது என்றார் அத்தான். நான் அன்று செனாயில் ஞாயிறு வேலையில் இருந்தேன். மருத்துவமனையில் அக்கா கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, "மூடியத் தொறந்தேனான்னு ஞாபகமே வரல சர்மி" என்றாள். அவளுக்கு ஞாபகம் வராததால் அத்தான் சொன்னதே நடந்ததாகிவிட்டது. நெருப்பு விஷயத்தில் கவனம் இல்லாதவளிடம் சின்னப் பிள்ளையை எப்படி விடுவது என்று அத்தை கேட்டார். கேட்ட அன்றே கவிஷாவின் துணிமணிகளை எடுத்துக்கொண்டு போனார்.

நான் வேதியியல் படித்தேன். எண்ணெய்த் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் மாதிரிகளைச் சோதிக்கும் வேலை. மாதிரிகள் பேசாது, என்னையும் பேசச் சொல்லாது. அப்பா அம்மா குளுவாங்கில் இருக்கிறார்கள். நான் அக்கா வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன், அத்தானின் பழைய மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன்.

அத்தான் ஐஸும் சுடுவதற்குச் சாத்தே இறைச்சிக் குச்சிகளும் வாங்கக் கிளம்பும்போது பின் வாசலுக்கு வந்தார்.

"சர்மி, நல்லாத் தேய்ச்சிரு. அம்மா மூடியத் தொறந்து பார்ப்பாங்க."

"சரி அத்தான்."

"உங்கக்காவ மட்டும் கிட்ட விட்டுறாத லா. இன்னொரு கையும் போயிரும்."

சிரித்தார். அக்கா ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள்.

அத்தான் சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்பு வேலை பார்க்கிறார். விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் கடந்து, இருட்டிய பிறகு திரும்புவார். அங்கே வீடு காலி செய்த ஒரு குடும்பம் விட்டுப்போன அடுப்பு இது. நண்பரின் லாரியில் ஏற்றி வந்தார். "இங்க வாங்குனா ரெண்டாயிரம் வெள்ளி" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார். இரண்டு முறை சுட்டோம். பிறகு மாதக்கணக்கில் அது நெகிழிப் படுதாவுக்குள் கிடந்தது, தீபாவளி வரை.

விபத்துக்குப் பிறகு இதை யாரும் தொடவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். படுதாவை எடுத்தபோது பழைய கொழுப்பு வாடை வந்தது. கம்பித் தட்டுகளைக் கழற்றி, சுடுதண்ணீரில் சோப்பு கரைத்து ஊறப் போட்டேன். அடியில் இருந்த கொழுப்புத் தட்டைத் தகரக் கரண்டியால் சுரண்டினேன். பிறகு மூடியின் உட்புறம். அங்கே கரி உரிந்து, பழைய பெயின்ட் போலத் தொங்கியது. வெறும் புகையும் எண்ணெயும் படிந்து காய்ந்தது. துணியால் துடைத்தால் வந்தது. உள்ளே கேஸ் நிறைந்து பிடித்திருந்தால் இது இவ்வளவு அமைதியாகத் தொங்கிக்கொண்டிருக்குமா என்று தோன்றியது. தோன்றியதை ஒதுக்கிவிட்டுத் துடைத்தேன்.

அடுத்து, கேஸைத் திருகித் திறக்கும் முன்பக்கக் குமிழ்கள். மூன்றையும் இழுத்துக் கழற்றி, பின்னால் இருந்த தகட்டின் திருகுகளை எடுத்தேன். தகட்டின் உட்புறம் முழுவதும் கறுப்பு. பொறி தட்டும் கம்பியின் நெகிழி உறை உருகி, சொட்டி, உறைந்திருந்தது.

தீ மூடிக்குள் பிடிக்கவில்லை. குமிழ்களுக்குப் பின்னால் பிடித்திருக்கிறது. கை வைக்கும் இடத்தில்.

தகட்டைக் கீழே வைத்துவிட்டு, பர்னர் குழாய்களைக் கழற்றினேன்.

பர்னர் குழாய்கள் மூன்று. ஒவ்வொன்றின் முனையிலும் காற்று நுழைய ஒரு வாய் உண்டு. கேஸ் அங்கே காற்றோடு கலந்து குழாய்க்குள் போய், மேலே உள்ள சின்னத் துளைகள் வழியாக வந்து எரியும். முதல் இரண்டு குழாய்களில் சிலந்தி வலையும் துருவும் இருந்தன. பல் துலக்கும் பிரஷ் போதுமானதாக இருந்தது. மூன்றாவது குழாய்க்குள் பிரஷ் போகவில்லை. கண்ணை வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் தெரியவில்லை. தட்டினால் உள்ளே கட்டியாக ஏதோ இருந்தது.

குத்தி எடுக்கக் கம்பி வேண்டும். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஸ்டோருக்குப் போனேன்.

அங்கே கோயில் அடுப்பு இருந்தது. ஆடி மாத அன்னதானத்துக்கு அத்தான் கொண்டு போகும் பெரிய இரும்பு அடுப்பு. பெரிய குண்டானில் சோறு வேக கேஸ் வேகமாக வர வேண்டும் என்பதால், அதற்குச் சிலிண்டரில் மாட்டுவது வேறு ரெகுலேட்டர், சிவப்பு நிறம். வீட்டு அடுப்புக்கான ரெகுலேட்டர் கேஸை மெல்ல விடும். சிவப்பு ரெகுலேட்டர் பல மடங்கு வேகத்தில் தள்ளும். இரண்டையும் மாற்றிப் போடக்கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அத்தான்தான்.

கம்பியை எடுக்கக் கோயில் அடுப்பை நகர்த்தினேன். அதன் பின்னால் சிவப்பு ரெகுலேட்டர் கிடந்தது. அதில் ஒரு ஆரஞ்சு நிற ரப்பர் குழாய் மாட்டியிருந்தது. கோயில் அடுப்பின் குழாய் கறுப்பு. ஆரஞ்சுக் குழாயின் மறு முனை வெந்து சுருங்கியிருந்தது. அந்த முனையில் ஒரு பித்தளைத் திருகு. அதை எடுத்து வந்து பார்பிக்யூ அடுப்பில் கேஸ் நுழையும் வாயில் வைத்துப் பார்த்தேன். சரியாக உட்கார்ந்தது.

கம்பியை மூன்றாவது குழாய்க்குள் விட்டுக் குத்தினேன். மண் வந்தது. செம்மண் உருண்டைகள், அவற்றுக்குள் காய்ந்த சிலந்திகள், பட்டுத் தாள் போன்ற வெற்றுக் கூடுகள். குளவி. செய்தித்தாளில் எல்லாவற்றையும் தட்டிப் போட்டேன்.

எனக்கு அந்தக் குளவியைத் தெரியும். புரட்டாசியில் அது படுதாவின் கிழிசல் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தது. நான் விரட்டப் போனபோது, இங்கே வந்திருந்த அத்தை தடுத்தார். "குளவி கூடு கட்டுனா வீட்டுக்குக் கொழந்த வரப்போவுதுன்னு அர்த்தம். யாரும் கலைக்கக் கூடாது" என்றார். அக்காவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கவிஷாவுக்கு ஒரு தம்பி வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

மீதியை யோசிக்க வேண்டியே இருக்கவில்லை, தானாக வந்தது. குழாய் அடைத்திருந்தது, தீ சரியாக எரியவில்லை. கேஸ் போதவில்லை என்று அத்தான் நினைத்தார். சிவப்பு ரெகுலேட்டரை மாட்டினார். அடைத்த குழாய்க்குள் போக முடியாத கேஸ் திரும்பி வந்து குமிழ்களுக்குப் பின்னால் நிறைந்தது. அக்கா பொறியைத் தட்டினாள். மூடி திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அவள் கை வெந்திருக்கும்.

"அக்கா" என்று கூப்பிட்டேன். "கொஞ்சம் வாயேன்."

அவள் நிலைப்படியில் நின்றாள். அதைத் தாண்டி வரவில்லை. சிவப்பு ரெகுலேட்டரையும் மண்ணையும் காட்டினேன். நினைத்ததைச் சொன்னேன். எனக்கு வரிசையாகச் சொல்ல வராது. ஆனாலும் அவளுக்குப் புரிந்தது.

"அன்னைக்கு ஒரு பக்கம் எரியவே இல்ல" என்றாள் மெதுவாக. "சனியன் புடிச்ச அடுப்புன்னு திட்டிக்கிட்டே ஸ்டோருக்குப் போனாரு. வந்து என்னமோ மாட்டுனாரு. இப்பப் பத்த வைன்னாரு. அதுக்குள்ள சாமான் வாங்கக் கடைக்குக் கெளம்பிட்டாரு."

"அப்ப நீ மூடியத் தொறந்தியா இல்லியான்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

 அக்காவின் வலது கையின் தோல் இன்னும் இளஞ்சிவப்பாக, மினுமினுப்பாக இருந்தது. இடது கையால் அதைத் தடவிக்கொண்டாள்.

"உன் தப்பு இல்லக்கா."

"மெதுவாப் பேசு."

"வீட்டுல யாரும் இல்லியே."

"பக்கத்து வீட்டுல ஆள் இருக்கு." சுவரைப் பார்த்தாள். "எடுத்த எடத்துலயே வெச்சிரு அத."

"அக்கா!"

"சர்மி, நீயும் பாத்துக்கிட்டுதான இருந்த. ரெண்டு மாசம் அவர்தான் என் தலையக் கழுவி வாரி விட்டாரு. பாலத்துல நாலு மணி நேரம் நின்னுட்டு வந்து கட்டு மாத்துவாரு. சோறு ஊட்டுவாரு. அவரு கெட்டவரு இல்ல. டெக்னீஷியன்னு அம்மாகிட்டயும் தம்பிகிட்டயும் பெருமையாச் சொல்லிக்கிற மனுஷன். இத வெளிய சொன்னா எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நிப்பாரு?"

"கவிஷா?"

"வாரக் கடைசில வருவால்ல." மற்றவர்கள் அவளிடம் சொன்ன அதே வார்த்தைகள். சொல்லிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் வெங்காயம் நறுக்கும் சத்தம் மறுபடி கேட்டது. வெங்காயம் முன்பே நறுக்கி முடித்திருந்தாள். நான் பார்த்தேன்.

சிவப்பு ரெகுலேட்டரைக் கொண்டுபோய் வைத்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. அத்தான் வீட்டில் தூங்குகிறேன், அத்தான் வண்டியில் போகிறேன், அக்கா வேண்டாம் என்கிறாள். பல்கலைக்கழகத்தில் கடைசி வருட ஆய்வைப் பேசிக் காட்டும்போது என் குரல் பாதியில் நின்றது. பேராசிரியர் மீதியைத் தாளில் எழுதித் தரச் சொன்னார். இதை எழுதியும் தர முடியாது.

குழாய்களைத் திரும்பப் பொருத்தினேன். கம்பித் தட்டுகளைத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, எண்ணெய் தடவினேன். அத்தான் புதிதாக வாங்கி வைத்திருந்த ரப்பர் குழாயைத் திருகினேன். தகட்டையும் நன்றாகத் தேய்த்துப் பளபளவென்று மாட்டினேன். மாட்டிய பிறகுதான் உறைத்தது, தகட்டின் பின்பக்கக் கறுப்பு இப்போது இல்லை. நானே துடைத்துவிட்டேன்.

அத்தான் ஐஸ் பெட்டியோடு திரும்பினார். ஸ்டோர் கதவு ஒருக்களித்திருந்ததைப் பார்த்தார்.

"ஸ்டோருக்குப் போனியா?"

"கம்பி எடுக்க."

என்னையே பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார். "நல்லாத்தான் கழுவியிருக்க" என்றார். போய் ஸ்டோரைப் பூட்டும் சத்தம் கேட்டது. அது பூட்டி வைக்கும் இடமே இல்லை.

நாலு மணிக்கு அவர்கள் வந்தார்கள். அத்தை, கவிஷா, வண்டி ஓட்டி வந்த அத்தானின் தம்பி யுகேந்திரன். கவிஷா புதுக் கவுனில் ஓடிவந்து அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அக்கா குனிந்து அவள் உச்சியை முகர்ந்தாள். அவ்வளவு நேரம் முகர்ந்ததை யாரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

எல்லோரும் பின்புறத்துக்கு வந்தோம். ஆறு பேர் நின்றால் அந்த இடத்தில் திரும்ப முடியாது. அத்தான் சிலிண்டரில் வீட்டு ரெகுலேட்டரை மாட்டினார். மூடியைத் தூக்கி, "எல்லாரும் பாத்துக்குங்க, மொதல்ல மூடி" என்றார்.

"அண்ணி, நோட்ஸ் எடுத்துக்குங்க" என்றான் யுகேந்திரன்.

அக்கா சிரித்தாள். கொஞ்சம் முன்னால் வந்தாள். கவிஷா அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"அம்மா, நீங்க தீ கிட்ட போகக் கூடாது. நீங்க சுட்டுருவீங்க. பாட்டி சொல்லியிருக்காங்க."

அக்கா உடனே பின்னால் போனாள். சுவர் வரை போனாள்.

அத்தான் பற்ற வைத்தார். மூன்று குழாய்களிலும் ஒரே மாதிரி, நீலமாக, சின்னச் சின்னப் பற்கள் போலத் தீ நின்றது. அவ்வளவு அழகாக அது ஒருபோதும் எரிந்ததில்லை.

"பாத்தீங்களாம்மா? இதே அடுப்புதான். ஒரு கொறையும் இல்ல. சாமான்ல தப்பு இல்ல, ஆளுலதான்."

நான் கழுவியதை வைத்துத்தான் அதைச் சொன்னார். என் கைகளில் இன்னும் சோப்பு வாடை இருந்தது.

"சரி, விடு" என்றார் அத்தை. "பிரேமலா, நான் ஒன்னும் வேணும்னு செய்யல. அடுத்த மாசம் பாலர் பள்ளி தொறக்குது. எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு. பேரு குடுத்துரலாம்னு இருக்கேன். நீ கொஞ்ச நாள் நிம்மதியா இரு."

"சரிங்கத்த" என்றாள் அக்கா.

அத்தை உட்கார இடம் தேடினார். சாக்கடை ஓரமாக நான் மடித்து வைத்திருந்த செய்தித்தாள் அவர் காலில் பட்டு விரிந்தது. செம்மண் உருண்டைகள் தரையில் ஓடின.

"அலமாக்! இது குளவிக் கூடாச்சே. யாரு கலைச்சது? நான் சொல்லியிருந்தேனே, கலைக்காதீங்கன்னு."

"அது ஏதோ மண்ணும்மா" என்றார் அத்தான்.

"மண்ணு எனக்குத் தெரியாதா? சர்மினி, நீதானம்மா கழுவின. எங்க இருந்துச்சு இது?"

"அதுகிட்டக் கேட்டீங்களே" என்றான் யுகேந்திரன். "சர்மினி பேசுனா கூலாய்ல வெள்ளம் வரும்."

அத்தான் பெரிதாகச் சிரித்தார். அக்கா சுவரோரத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். வேண்டாம் என்று. மிகச் சின்ன அசைவு.

"குழாய்ல" என்றேன்.

"எந்தக் குழாய்ல?"

"பர்னர் குழாய்ல. மூனாவதுல. முழுசா அடைச்சிருந்துச்சு."

அத்தை மண் உருண்டையைக் கையில் எடுத்தார். அடுப்பைப் பார்த்தார். மறுபடி மண்ணைப் பார்த்தார்.

"அடைச்சிருந்தா அன்னைக்குத் தீ எப்படி எரிஞ்சது?"

இரண்டு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சின்னதா எரிஞ்சதும்மா" என்றார் அத்தான். "அது வேற. மூடி மூடியிருந்ததாலதான்…"

"சின்னதா எரிஞ்ச தீயா இவ கைய இப்படிப் பண்ணுச்சு?"

 அத்தான் தீயைக் குறைப்பதற்காகக் குமிழைத் திருப்பினார். அது குறைந்த பிறகும் திருப்பிக்கொண்டே இருந்தார். கம்பித் தட்டில் எண்ணெய் புகைந்தது. கவிஷா அம்மாவின் சுருங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தாள். அக்கா தலை அசைப்பதை நிறுத்தியிருந்தாள். வேண்டாம் என்றும் இல்லை, சொல் என்றும் இல்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

 என் குரல் பாதியில் நிற்கப் போகிறது என்று தெரிந்தது. அதனால் கடைசியில் சொல்ல வேண்டியதை முதலில் சொன்னேன்.

"அத்த, அன்னைக்குக் கோயில் அடுப்பு ரெகுலேட்டர இதுல மாட்டுனது அத்தான்."